இருப்பிடம் உரைத்தல்

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரைக் கேட்ட அளவில் மலேசியத் தமிழர் நெஞ்சில் இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, பூமாலையும் வெற்றிலையும் மணக்கும் கடைத்தெரு. மற்றொன்று, அத்தெருவை ஒட்டி ஓயாது ஒலிக்கும் இரயில் வண்டியின் ஓசை. முன்பு பெட்டிகளைப் பிரித்தும் கோத்தும் அனுப்பிய இரயில் முற்றம் இருந்த நிலத்தில், 2001-ஆம் ஆண்டு முதல் கே.எல். சென்ட்ரல் என்னும் பெருநிலையம் நின்று விளங்குகிறது. அங்கே விரைவு இரயில் ஏறுகின்றவர், 57 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிப்பாங் விமான நிலையத்தை அரை மணி நேரத்திற்குள் அடைந்துவிடலாம். நிலத்தில் ஓடும் வண்டியும் வானில் பறக்கும் ஊர்தியும் கைகோக்கும் இடமாக அவ்வூர் ஆகிவிட்டது.

இவ்விரண்டையும் இணைப்பது அந்த விரைவு இரயில் மட்டுமன்று. ஒரு கேள்வியும் இணைக்கின்றது. "நீ இப்பொழுது எங்கே இருக்கிறாய்?" என்பதே அக்கேள்வி. அன்று இரயில் நிலைய அதிகாரி தந்திக் கருவியைத் தட்டிக் கேட்டதும் இதுவே. இன்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்திருப்பவர் வானொலியில் விமானியிடம் கேட்பதும் இதுவே. கேள்வி சிறியது. ஆனால் விடை பிறழ்ந்தால் உயிர்கள் மாய்கின்றன. இச்சிறு கேள்வியின் வரலாற்றையும், அதற்கு முதன்முறையாக விடை சொல்ல வேண்டி வரும் ஓர் இளம் விமானியின் நிலையையும், கிள்ளான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த ஒரு துயரத்தையும் எடுத்துரைத்து, மொழி கற்பிக்கும் நமக்கு அவற்றில் என்ன பாடம் உண்டு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செங்கல் நிலத்தில் இரும்புப் பாதை

1881-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் தீயாலும் வெள்ளத்தாலும் அழிவுற்றது. மரமும் அத்தாப்புக் கூரையும் கொண்ட வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல் வீடுகள் எழ வேண்டும் என்று அடுத்து வந்த ஆட்சியாளர் ஃபிராங்க் சுவெட்டன்காம் வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய கற்கள் சூளைகளில் வெந்த இடமே பின்னர் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. பாதை வளர்ந்தது, அதனோடு பணிமனைகளும் பணியாளர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்சில் வளர்ந்தன. தண்டவாளம் பரப்பவும் மண் சுமக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர். கணக்கெழுதவும், நிலையங்களை நடத்தவும், தந்தி அடிக்கவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர். இலங்கையின் பொதுப்பணித் துறையிலிருந்து சிலாங்கூருக்கு வந்து, 1901-இல் மலாய் நாட்டுக் கூட்டரசு இரயில்வேயின் தலைமை மேலாளரான சார்ல்ஸ் ஸ்பூனர் போன்றோரின் தொடர்பும் அவர்களது வருகைக்குத் துணையாயிற்று.

அந்நாளைய நிலைய அதிகாரியின் வேலையை இன்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். பச்சைக்கொடி காட்டுவதும் மணி அடிப்பதும் அவர் வேலையின் வெளித்தோற்றமே. ஒரே தண்டவாளம், அதன் இரு முனைகளிலும் இரு நிலையங்கள், இடையே காடு. அக்காட்டுக்குள் ஒரு வண்டி நுழைந்துவிட்டால் அது மறுமுனையில் வெளிப்படும் வரையில் அதனை எவரும் காண்பதில்லை. காணாத வண்டியின் இருப்பிடத்தை அறிந்திருப்பதே நிலைய அதிகாரியின் உண்மையான கடமை. அதற்காக அவர் அடுத்த நிலையத்தை அழைத்துப் பாதை வெறுமையாக உள்ளதா என்று கேட்பார். விடை வந்த பின்னரே வண்டியை விடுவார். வண்டி போய்ச் சேர்ந்ததும் மறுமுனையிலிருந்து செய்தி வரும். நேரத்தைப் பதிவேட்டில் எழுதுவார். ஒற்றைப் பாதைகளில் இதற்குத் துணையாக டோக்கன் என்னும் ஒரு பொருளையும் வண்டி ஓட்டுநரிடம் கொடுப்பர். ஒரு பகுதிக்கு ஒரு வேளையில் ஒரு டோக்கனே வெளியே வரும். அதனைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே அப்பாதை உரியது.

இம்முறையின் அறிவுநுட்பம் யாதெனில், அது எவருடைய நினைவையும் நம்பவில்லை என்பதாகும். "வண்டி போயிருக்கும்" என்று கருதுவதற்கு அங்கே இடமில்லை. "போய்விட்டது" என்று மறுமுனை சொல்ல வேண்டும். சொன்னதை இம்முனை திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். பிரிக்பீல்ட்சின் குடியிருப்புகளில் வாழ்ந்து, இரவுப் பணிக்கு விளக்கேந்திச் சென்ற நம் முன்னோர் பலர் இவ்வொழுக்கத்தில் பயின்றவர்கள். அவர்கள் வானூர்தியை ஓட்டவில்லை. ஆயினும் வானூர்திக்குப் பின்னாளில் வேண்டப்பட்ட பேச்சொழுக்கத்தின் வேர் அவர்களுடைய தந்தி மேசையில் இருந்தது.

தண்டவாளத்திலிருந்து வானத்திற்கு

தண்டவாளத்தில் ஓடும் வண்டி இடமோ வலமோ திரும்ப முடியாது. ஆகவே "எந்த இரு நிலையங்களுக்கு இடையே?" என்று கேட்டாலே போதும். வானில் செல்வதற்கோ நான்கு திசையும் உண்டு. மேலும் கீழும் உண்டு. நிற்கும் வாய்ப்பு மட்டும் இல்லை. ஆகவே வானத்தில் இருப்பிடம் உரைத்தல் பன்மடங்கு அரிதாயிற்று.

1920-ஆம் ஆண்டில் இலண்டன் நகருக்கு அருகே குரோய்டன் விமான நிலையத்தில் உலகின் முதல் கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தது. வானொலியில் கேட்டறிந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, விமானங்களின் போக்கைக் கவனிக்கும் வழக்கம் மெல்ல மெல்ல உருவாயிற்று. ஆனால், சொல்லுதல் மட்டும் போதாது. முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதை உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது. 1937-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள், புகழ்பெற்ற பெண் விமானி அமேலியா இயர்ஹார்ட் பசிபிக் பெருங்கடலில் ஹவ்லண்ட் என்னும் சிறு தீவைத் தேடிப் பறந்தார். இறுதியாக அவர் வானொலியில் சொன்ன செய்தியில், தாம் பறந்துகொண்டிருந்த கோட்டினைக் குறிப்பிட்டார். அக்கோட்டில் எப்புள்ளியில் இருந்தார் என்பதைக் கேட்டோர் அறிய முடியவில்லை. பாதி இருப்பிடம் இருப்பிடமே ஆகாது என்பதற்கு அச்செய்தி சான்றாக நிற்கிறது.

முழுமையாகச் சொன்னாலும், கேட்பவர் அதனைப் பயன்படுத்த வேண்டும். 1956-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள், லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்து புறப்பட்ட இரு பயணிகள் விமானங்கள் தத்தம் இருப்பிடத்தை அறிவித்தன. இரண்டும் 21,000 அடி உயரத்தில் இருந்தன. இரண்டும் ஒரே எல்லைக்கோட்டை 10.31 மணிக்கு அடையும் என மதிப்பிட்டிருந்தன. இரு செய்திகளும் கட்டுப்பாட்டு நிலையத்திற்கு எட்டியிருந்தன. ஆனால் அவை பறந்தது கட்டுப்பாட்டுக்கு உட்படாத வான்வெளி. ஆதலால் எச்சரிக்க வேண்டும் என்னும் கடமை அந்நாளைய விதிகளில் இல்லை. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேல் இரண்டும் மோதி 128 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அமெரிக்காவில் வான்போக்குவரத்து ஆட்சிமுறை அடியோடு திருத்தப்பட்டது.

நம் நாட்டில் ஒழுங்கான பயணிகள் விமானப் போக்குவரத்து போருக்குப் பின் மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தோடு ஊன்றியது. 1947-ஆம் ஆண்டு மே முதல் நாள் சிங்கப்பூரின் காலாங் நிலையத்திலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்கு அதன் சிறு விமானம் பறந்தது. கோலாலம்பூருக்கு அந்நாளில் விமான நிலையமாக விளங்கியது சுங்கை பீசி. 1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் சுபாங் நிலையம் திறக்கப்பட்டது. 1998-இல் சிப்பாங் நிலையம் வந்தது. இவ்வளர்ச்சியில் விமானங்கள் பெருகின, பேச்சும் பெருகிற்று. ஆகவே, அனைத்துலகப் பொதுவான ஒரு முறை நம் வான்வெளிக்கும் உரியதாயிற்று.

அம்முறையின்படி, இருப்பிட அறிக்கைக்கு ஆறு உறுப்புகள் உண்டு. முதலாவது, விமானத்தின் அழைப்புப் பெயர். இரண்டாவது, கடந்துகொண்டிருக்கும் இடம். மூன்றாவது, கடந்த நேரம். நான்காவது, உயரம். ஐந்தாவது, அடுத்த இடமும் அதனை அடையும் நேரமும். ஆறாவது, அதற்கும் அடுத்த இடம். நேரம் எந்நாட்டுக் கடிகாரப்படியும் அன்று. உலகப் பொதுநேரப்படியே சொல்லப்படும். 1982-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னோக்கித் திருப்பியபோதும் விமானியின் அறிக்கையில் எம்மாற்றமும் நேரவில்லை. வழியில் குறிப்பிடங்கள் வகுக்கப்படாத பெருவெளியில், முதல் அரை மணி நேரத்திற்குப் பின் ஒரு முறையும் அதன்பின் மணிக்கு ஒரு முறையும் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டும். எதிர்பார்த்த செய்தி வராமல் 30 நிமிடம் கடந்தால், ஐயநிலை தொடங்குகிறது. ஐயம் வலுத்தால் எச்சரிக்கை நிலை, அதற்கும் மேலே இடர்நிலை என்று படிகள் உயர்கின்றன. ஒருவர் பேசாதிருத்தலையே ஒரு செய்தியாகக் கொள்ளும் நுட்பம் இதில் உண்டு.

புதிய விமானியின் திகைப்பு

இந்த ஆறு உறுப்புகளையும் மனப்பாடம் செய்துவிட்ட ஓர் இளைஞரை நாம் கற்பனை செய்வோம். தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுவிட்டார். தனியே பறக்கும் நாள் வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் மேல் வானம் மங்கலாக இருக்கிறது. கீழே பார்த்தால் செம்பனைத் தோட்டம். அதற்கப்பால் இன்னொரு செம்பனைத் தோட்டம். ஈயம் தோண்டிய பழைய குட்டைகள் ஒன்றுபோல் மின்னுகின்றன. அந்நேரத்தில் காதுக்கருவியில் ஒரு குரல் அவருடைய அழைப்புப் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேட்கிறது. அக்கேள்வி அவர் படித்த நூலில் இருந்த வடிவில் இல்லை.

கட்டுப்பாட்டாளரின் கேள்விகள் பலவகைப்படும். "இருப்பிடம் என்ன?" என்பது ஒரு வகை. "இன்ன இடத்தைக் கடக்கும்போது சொல்" என்பது வேறொரு வகை. இது கேள்வி போலத் தோன்றினும் கடமை ஒன்றைச் சுமத்துகிறது. "அவ்விடத்தை எத்தனை மணிக்கு அடைவாய்?" என்பது கணக்கிடச் சொல்வது. "எத்தனை மைல்? எத்திசைக் கோட்டில்?" என்பது வழிகாட்டும் ஒலிநிலையத்தை அளவுகோலாக வைத்துக் கேட்பது. இங்கே மைல் என்பது 1.852 கிலோமீட்டர் கொண்ட கடல் மைல் என்பதையும் மறத்தல் ஆகாது. இவையன்றி, அவ்வட்டாரத்தார் மட்டுமே அறிந்த ஓர் ஆலையையோ ஏரியையோ பெயர் சொல்லிக் கேட்பதும் உண்டு. உள்ளூர் விமானிகளுக்கு அது வீட்டுத் திண்ணையைப் போலப் பழகிய இடம். புதியவருக்கோ அது வரைபடத்தில் எங்கும் காணாத பெயர்.

இந்நிலையில் புதியவர் செய்யும் பிழைகள் மூன்று. முதற்பிழை, தெரியாத இடத்தைத் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டு "ஆகட்டும்" என்று விடை சொல்லிவிடுதல். இரண்டாம் பிழை, விடை தேடும் பரபரப்பில் விமானத்தை மறந்துவிடுதல். வரைபடத்தைப் புரட்டுகிற அந்த ஒரு நிமிடத்தில் உயரம் குறைகிறது, திசை விலகுகிறது. மூன்றாம் பிழை, திசையைத் தலைகீழாகச் சொல்லுதல்.

மூன்றாம் பிழை தமிழாசிரியர்களுக்கு உரிய சுவையான பிழையாகும். விமான நிலையத்தின் தெற்கே 10 மைலில் நான் இருக்கிறேன் என்பது ஒன்று. எனக்குத் தெற்கே 10 மைலில் விமான நிலையம் இருக்கிறது என்பது முற்றிலும் வேறு. முன்னதில் எல்லைப்புள்ளி விமான நிலையம். பின்னதில் எல்லைப்புள்ளி நான். ஐந்தாம் வேற்றுமையின் எல்லைப் பொருளை வகுப்பில் கற்பிக்கும்போது, எது எல்லை, எது எல்லையிலிருந்து அளக்கப்படுவது என்று நாம் பிரித்துக் காட்டுகிறோமல்லவா? அந்தப் பிரிவை வானில் மறந்தவர், தாம் இருக்கும் இடத்திற்கு 20 மைல் அப்பாலுள்ள ஓரிடத்தில் தாம் இருப்பதாகக் கட்டுப்பாட்டாளரை நம்பவைத்துவிடுவார். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இவற்றுக்கெல்லாம் மருந்தாகப் பயிற்சியாளர் சொல்லித்தரும் வரிசை ஒன்று உண்டு. முதலில் ஊர்தியைப் பறக்கவிடு. பிறகு வழியை அறி. அதன் பின்னரே பேசு என்பது அவ்வரிசை. கேள்வி வந்தவுடனே விடை சொல்ல வேண்டும் என்று எவ்விதியும் இல்லை. "சற்றுப் பொறுங்கள்" என்று சொல்லலாம். காதில் விழவில்லையெனில் "மீண்டும் சொல்லுங்கள்" எனலாம். இடம் தெரியவில்லையெனில் "இவ்வட்டாரத்திற்கு நான் புதியவன்; அவ்விடத்தை அறியேன்" என்று வெளிப்படையாகச் சொல்லலாம். அவ்வாறு சொன்ன மறுகணமே கட்டுப்பாட்டாளர் தம் பேச்சை மாற்றிக்கொள்கிறார். திசையும் தொலைவும் கொடுத்து வழிநடத்துகிறார். அல்லது எல்லாரும் அறிந்த வேறொரு குறியிடத்தைக் காட்டுகிறார். கேட்ட இடம் தெரியாதபோதும், தமக்குத் தெரிந்த ஓர் இடத்தை வைத்து, "இன்ன ஊருக்கு மேற்கே 5 மைல், 2,000 அடி, வடக்கு நோக்கி" என்று விடை தரலாம். கேட்பவருக்கு வேண்டியது இடத்தின் பெயரன்று, இடமே.

பூச்சோங் குன்றில் ஒரு விடியல்

புதியவர்தாம் தடுமாறுவர் என்று நாம் எண்ணிவிடலாகாது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவரும், ஓரிடத்தின் பேச்சுக்குப் புதியவராக இருத்தல் கூடும். அதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் விடியற்காலை. அமெரிக்காவின் ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் 66-ஆம் எண் சரக்கு விமானம் சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து சுபாங் நோக்கி வந்துகொண்டிருந்தது. அது போயிங் 747 வகைப் பெருவிமானம். உள்ளே இருந்தவர் நால்வர். சுபாங்கின் 33-ஆம் ஓடுபாதையில் ஒலிநிலையம் ஒன்றின் துணைகொண்டு அவர்கள் இறங்க வேண்டும்.

முதற்குழப்பம் இடப்பெயரில் எழுந்தது. கோலாலம்பூர் ஒலிநிலையத்தின் அடையாளம் 'கிலோ லிமா' என்னும் இரண்டு எழுத்துகள். அதனை விமானியரும் கட்டுப்பாட்டாளரும் அவ்வாறே சொல்லவில்லை. 'கோலாலம்பூர்' என்றனர், 'லிமா' என்றனர், வெறுமனே 'கே.எல்.' என்றும் சொன்னனர். மற்றொரு புறம், வரைபடத்தில் 'கேயெல்' என்னும் பெயருடைய வேறோர் இடமும் இருந்தது. இரண்டையும் தமிழில் எழுதிப் பார்த்தாலே போதும். செவிக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. 'கேயெல்' நோக்கிச் செல்லும்படி விமானியருக்கு இரு முறை சொல்லப்பட்டது. ஒரு முறை அவர்கள் தவறான ஒலிநிலையத்தைக் கருவியில் அமைத்துக்கொண்டனர். அவை இரண்டும் வெவ்வேறு இடங்கள் என்பதையே அவர்கள் அறியாதிருந்திருக்கலாம். ஆனால் "நீங்கள் சொல்வது எந்த இடம்?" என்னும் கேள்வி தெளிவாக எழுப்பப்பட்டுத் தீர்க்கப்படவில்லை.

இரண்டாம் குழப்பம் எண்ணில் எழுந்தது. 2,400 அடிக்கு இறங்குக என்பது கட்டுப்பாட்டாளரின் கருத்து. அதனை ஆங்கிலத்தில் "இறங்குக, இரண்டு நான்கு சுழி சுழி" என்னும் பொருள்பட இலக்கம் இலக்கமாகச் சொன்னார். ஆங்கிலத்தில் இரண்டு என்பதைக் குறிக்கும் 'டூ' என்னும் ஒலியே, நம் நான்காம் வேற்றுமை உருபாகிய 'கு' தரும் பொருளையும் தருவது. ஆகவே விமானத் தலைவரின் செவியில் அது "நான்கு சுழி சுழிக்கு இறங்குக" என்று விழுந்தது. "நான்கு சுழி சுழி" என்றே அவர் திருப்பிச் சொன்னார். திருப்பிச் சொல்லுதல் என்னும் முறை, பிழையைப் பிடிப்பதற்கென்றே ஏற்பட்டது. அன்று அப்பிழை பிடிபடவில்லை. விமானம் 400 அடியை நோக்கி இறங்கிற்று. நிலம் நெருங்குவதைக் கண்ட கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பியது. அதற்கும் எவரும் செவிசாய்க்கவில்லை. காலை 6.36 மணிக்குப் பூச்சோங்கிற்கு அருகே, கடல்மட்டத்திற்கு மேல் 437 அடி உயரத்தில் குன்றுச் சரிவில் மோதி, நால்வரும் மாண்டனர்.

இரண்டாயிரத்து நானூறு அடி என்று முழுச்சொல்லாலும், அடி என்னும் அலகோடும் அவ்வுயரம் சொல்லப்பட்டிருந்தால் இக்குழப்பம் எழுந்திருக்காது. அனைத்துலக விதிகள் விரும்புவதும் அதனையே. நம் மொழியில் 'இரண்டாயிரத்து நானூறு' என்பதை 'நானூறுக்கு' என்று எவரும் மயங்கிக் கேட்க முடியாது. இதனால் தமிழே வானுக்கு ஏற்ற மொழி என்று பெருமை பேச வரவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் அதற்கே உரிய மயக்கங்கள் உண்டு; அம்மயக்கங்களை அறிந்து விலக்குவதே மொழியறிவு என்பதைச் சொல்லவே இதனைக் குறிப்பிட்டோம். நிலம் நெருங்கும் எச்சரிக்கை ஒலித்தால், ஆராய்ந்து நில்லாமல் உடனே மேலெழும் பயிற்சி விமானியருக்கு வலியுறுத்தப்பட்டமைக்கு இவ்விபத்தும் ஒரு காரணமாயிற்று.

தில்லி வானில் ஒரு மாலை

இவ்வகையில் இன்னொரு நிகழ்ச்சியையும் சுருக்கமாக எண்ணிப் பார்ப்போம். 1996-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி நாட்டு விமானமும், தில்லிக்கு வந்துகொண்டிருந்த கசகஸ்தான் நாட்டு விமானமும் ஒரே வான்வழியில் எதிரெதிரே வந்தன. வரும் விமானம் 15,000 அடியிலும், போகும் விமானம் 14,000 அடியிலும் நிற்க வேண்டும் என்பது கட்டளை. எதிரே ஒரு விமானம் வருகின்றது, கண்டதும் சொல்லுங்கள் என்று கட்டுப்பாட்டாளர் கசகஸ்தான் விமானியருக்கு அறிவித்தார். எத்தனை மைலில் என்று அவர்கள் திருப்பிக் கேட்டனர், தொலைவு சொல்லப்பட்டது. பேச்சு நடந்தது, ஆனால் பேச்சின் பொருள் விமானத்தை ஓட்டியவரிடம் சென்று சேரவில்லை. வானொலியில் பேசுவதற்கென்று தனியே அமர்ந்திருந்தவருக்குத் தம் முன்னே உயரங்காட்டும் கருவி இல்லை. பிறர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. அவ்விமானம் தனக்குரிய உயரத்திற்கும் கீழே இறங்கிவிட்டது. சர்க்கி தாத்ரி என்னும் ஊரின் மேல் இரண்டும் மோதின. 349 பேர் மாண்டனர். விசாரணை நடத்திய நீதிபதி லகோட்டி ஆணையம், ஆங்கில அறிவின் குறைபாட்டையும் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது.

இத்தகைய துயரங்களின் பயனாகவே, அனைத்துலக விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் வானொலி மொழியில் ஒரு குறிப்பிட்ட தகுதிநிலையை எட்டியிருக்க வேண்டும் என்னும் விதி, 2008-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாளை நடைமுறை நாளாகக் கொண்டு வந்தது. அத்தேர்வு மனப்பாடத் தொடர்களை மட்டும் சோதிப்பதில்லை. எதிர்பாராத ஒன்று நேரும்போது எளிய சொற்களால் விளக்கவும், ஐயம் எழுந்தால் கேட்டுத் தெளியவும் வல்லவரா என்பதையும் சோதிக்கின்றது.

கருவி வந்த பின்னும்

இன்று ரேடார் உண்டு, செயற்கைக்கோள் உண்டு. இருப்பிடத்தை வாயால் சொல்லும் தேவை குறைந்துவிட்டது உண்மையே. ரேடாரில் கண்டுகொண்டோம் என்று கட்டுப்பாட்டாளர் அறிவித்துவிட்டால், அவர் மீண்டும் கேட்கும்வரை விமானி வழக்கமான அறிக்கைகளை விட்டுவிடலாம். ஆனால் "பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்னும் நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதை நம் நாடே உலகுக்குக் காட்ட நேர்ந்தது.

2014-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள், 239 பேருடன் பெய்ஜிங் நோக்கிச் சென்ற மலேசிய விமானம் எம்.எச். 370, நள்ளிரவு கடந்து 1.19 மணிக்குக் கோலாலம்பூர் கட்டுப்பாட்டிடம் விடைபெற்றது. மலேசியப் பொறுப்பும் வியட்நாம் பொறுப்பும் சந்திக்கும் இகாரி என்னும் குறிப்பிடத்தைக் கடந்ததும், அடையாளம் காட்டும் அதன் குறி திரையினின்று மறைந்தது. அடுத்த நிலையமாகிய ஹோ சி மின் நகரம், விமானம் தம்மை அழைக்கவில்லை என்று கோலாலம்பூரைக் கேட்டபோது மணி 1.39. எதிர்பார்த்த விமானம் 5 நிமிடத்திற்குள் தொடர்பு கொள்ளாவிடில் கேட்க வேண்டும் என்பது இரு நிலையங்களுக்கும் இடையே இருந்த உடன்பாடு. அந்த விமானத்திற்கு என்ன நேர்ந்தது என்பது வேறு வினா. அதனை இங்கே ஆராயவில்லை. ஆனால், போய்ச் சேர்ந்ததா என்று மறுமுனையைக் கேட்டு உறுதிசெய்யும் அந்தப் பழைய இரயில் ஒழுக்கம், அவ்விரவில் சில நிமிடங்கள் தளர்ந்திருந்தது என்பதை எவரும் மறுத்தல் இயலாது. அதன் விளைவாக, பெருங்கடல் மீது பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இருப்பிடம் குறைந்தது 15 நிமிடத்திற்கு ஒரு முறை அறியப்பட வேண்டும் என்னும் நியதி 2018-ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கருவிகள் பெருகிய இக்காலத்திலும் உலகம் மீண்டும் அந்தப் பழைய கேள்விக்கே திரும்பி வந்தது.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

இவ்வரலாற்றினின்றும் ஆசிரியர்களும் மாணவர்களும் பெறத்தக்க பாடம் யாது? தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவே அது. நம் வகுப்பறைகளில் நாம் பெரும்பாலும் விடை சொல்லும் மாணவனையே பாராட்டுகிறோம். "புரியவில்லை ஐயா, மீண்டும் சொல்லுங்கள்" என்று எழுந்து நிற்பவனைப் பிற மாணவர் சிரிப்புக்கு ஆளாக விட்டுவிடுகிறோம். அச்சிரிப்புக்கு அஞ்சித் தலையாட்டப் பழகிய பிள்ளை, நாளை மருத்துவமனையிலோ, தொழிற்சாலையிலோ, விமானத்தின் இருக்கையிலோ அமர்ந்தும் அவ்வாறே தலையாட்டும். பூச்சோங் குன்றில் நேர்ந்தது அறிவின் பற்றாக்குறையன்று, திரும்பக் கேட்காமையே.

ஆகவே, திரும்பக் கேட்டலையும் ஒரு திறனாக நாம் கற்பித்தல் வேண்டும். கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்தல் வேண்டும். சொன்னதைச் செவிமடுத்துப் பிழை கண்டால் திருத்தும் கடமை ஆசிரியருக்கும் உண்டு. திருப்பிச் சொன்னதைக் கேளாத ஆசிரியர், பிழையான விடையைத் திருத்தாமல் விட்ட கட்டுப்பாட்டாளருக்கு ஒப்பாவார்.

பிரிக்பீல்ட்சில் இன்றும் நாள்தோறும் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. 1951-இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கே இருப்பதால், பார்வையற்றோர் பலர் அத்தெருக்களில் நடமாடுகின்றனர். நடைபாதையில் பதித்த மேடு வரிகளை வெண்கோலால் தடவித் தாம் இருக்கும் இடத்தை அறிகின்றனர். வரி முடிந்துவிட்டாலோ, வண்டி ஒன்று வழிமறித்து நின்றாலோ, அவர்கள் நின்றுவிடுகிறார்கள். "ஐயா, நான் எங்கே இருக்கிறேன்?" என்று அருகே செல்பவரைக் கேட்கிறார்கள். அதில் அவர்களுக்கு எந்த நாணமும் இல்லை. விடை பெற்றதும் உறுதியான அடி எடுத்து வைத்துச் செல்கிறார்கள்.

தந்தி மேசையில் அமர்ந்த முன்னோரும், வானில் தனித்துப் பறக்கும் இளம் விமானியும், வெண்கோல் ஏந்திய அந்த நடைப்பயணியும் ஒரே உண்மையை நமக்கு உணர்த்துகின்றனர். இருக்கும் இடத்தை அறிந்தவனுக்கே செல்லும் வழி உண்டு. அறியாதபோது கேட்பவன், அறிதலின் முதற்படியில் ஏறிவிட்டவன். அப்படியில் நம் மாணவரை ஏற்றி வைப்பது தமிழாசிரியரின் கடமைகளுள் தலையாயது எனத் துணிந்து கூறலாம்.